மூன்றாவது துண்டில்தான் தெரியும்

டுரியான் சுவை சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்த மறுநொடியே மேசையைச் சுற்றி இருப்பவர்களின் முகம் மாறிவிடும். ஒரு துண்டைக்கூட யாரும் இன்னும் வாயில் போட்டிருக்க மாட்டார்கள். ஒருவர் மூக்கைச் சுளிப்பார், ஒருவர் "ஆகா" என்பார். சின்னப் பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அதே முகத்தைத் தானும் வைத்துக்கொள்ளும். தீபாவளி விருந்து, அலுவலகத் தேநீர் நேரம், புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் பிறந்தநாள் என்று எங்கே பார்த்தாலும் இதே கதைதான். விசித்திரச் சுவைத் தின்பண்டத்துக்கு மக்கள் முதலில் காட்டுவது பெயருக்கான முகம். சுவைக்கான முகம் மூன்றாவது துண்டில்தான் வரும். இந்தச் சுவையை வீட்டுக்கு வாங்கலாமா, விருந்தில் வைக்கலாமா, நம் முறுக்கில் முயன்று பார்க்கலாமா என்று முடிவெடுக்க நினைப்பவர்கள் அந்த மூன்றாவது துண்டுவரை பொறுக்க வேண்டும்.

பெயர் நாக்கை எவ்வளவு தூரம் இழுத்துப் போகும் என்பதற்கு 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு நல்ல சாட்சி. பிரிட்டிஷ் சமையல் வல்லுநர் ஹெஸ்டன் புளூமென்தாலும் சேர்ந்து செய்தது அது. புகையூட்டிய சால்மன் மீனில் செய்த ஐஸ்கிரீமைச் சிலருக்கு "ஐஸ்கிரீம்" என்று சொல்லியும், சிலருக்கு உறைய வைத்த உப்புச் சுவைப் பண்டம் என்று சொல்லியும் கொடுத்தார்கள். கிண்ணத்தில் இருந்தது ஒன்றேதான். ஐஸ்கிரீம் என்று கேட்டுச் சாப்பிட்டவர்களுக்கு உப்பு தூக்கலாகத் தெரிந்தது, பிடிக்கவும் இல்லை. இனிப்பை எதிர்பார்த்த நாக்கில் உப்பு விழுந்தால் அது உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பெயரைக் கேட்டு எழும் உற்சாகத்தை நம்பி மூட்டையாக வாங்கிவிடக் கூடாது. பிரிட்டனில் வாக்கர்ஸ் நிறுவனம் மக்களிடமிருந்தே புதுச் சுவைகளைக் கேட்டு நடத்திய போட்டியில், 2009இல் ஆறு சுவைகள் கடைசிச் சுற்றுக்கு வந்தன. நம்ம ஊர் வெங்காய பஜ்ஜியும் அதில் ஒன்று, காரம் போட்ட அணில் என்ற பெயரிலும் ஒன்று (அதில் அணில் கிடையாது). முட்டையும் பன்றி இறைச்சியும் சேர்ந்த காலைச் சாப்பாட்டுச் சுவை வென்றது. ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்த அந்தச் சுவையே அடுத்த ஆண்டு கடைகளிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. ஓட்டு ஒரு தடவை போடுவது. பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப வாங்க வேண்டுமே!

சிங்கப்பூரில் இதைவிடக் கடினமான ஒரு நிலைமை. இங்கே புதுச் சுவைகளுக்கு வைக்கும் பெயர்களில் பல உணவங்காடியில் விற்கும் உணவுகளின் பெயர்கள்: லக்சா (தேங்காய்ப்பால் குழம்பு நூடுல்ஸ்), சில்லி கிராப் (கார நண்டு), நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), சாத்தே. மெக்டோனல்ட்ஸ் 2017 ஜூலையில் நாசி லெமாக் பர்கரைக் கொண்டுவந்தபோது அது சீக்கிரமே விற்றுத் தீர்ந்தது. ஆனால் சாப்பிட்ட ஒவ்வொருவரும் தன் பேட்டைக் கடையின் சம்பலை நினைத்துக்கொண்டு மதிப்பெண் போட்டார்கள். தினமும் உண்ணும் உணவின் பெயரைச் சிப்ஸில் எழுதினால் எல்லோரும் நிபுணர்களாகிவிடுவார்கள். அதனால்தான் லக்சா சிப்ஸைப் பற்றி முதலில் வரும் பேச்சு பெரும்பாலும் "இது லக்சா மாதிரியே இல்லை" என்றுதான் இருக்கும்.

உண்மையில் அது லக்சா மாதிரி இருக்க முடியாது, அதற்குக் காரணம் உண்டு. லக்சாவின் மணம் சூடான தேங்காய்ப்பால் குழம்பின் ஆவியோடு, கரண்டி வாய்க்கு வருவதற்கு முன்பே மூக்கில் ஏறிவிடும். சிப்ஸ் காய்ந்த பண்டம், சூடும் இல்லை. வாயில் போட்ட முதல் ஓரிரு நொடியில் தெரிவது மேலே தூவிய உப்பு, புளிப்பு, சர்க்கரை மூன்றும்தான். தூள் எச்சிலில் கரைந்து, மென்ற பிறகு தொண்டைப் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணம் தாமதமாக வரும். காய்ந்த இறால், எலுமிச்சைப்புல், லக்சா இலை எல்லாம் அந்த இரண்டாவது அலையில்தான். விழுங்கிய பிறகு நிற்கும் எண்ணெயும் காரமும் மூன்றாவது. முதல் நொடியிலேயே தீர்ப்புச் சொல்பவர் உப்பையும் சிட்ரிக் அமிலத்தையும் பற்றித்தான் தீர்ப்புச் சொல்கிறார்.

கவனித்துப் பாருங்கள், சந்தேகத்தோடு சுவைப்பவர் துண்டின் ஓரத்தை மட்டும் முன்பல்லால் கொறிப்பார். அந்தக் கொறிப்பில் தூள் அனேகமாக இருக்காது. உருளைக்கிழங்குச் சிப்ஸில் தூவும் சுவைத்தூள் பொதுவாக மொத்த எடையில் 6 முதல் 8 விழுக்காடுதான், அதுவும் எல்லாத் துண்டிலும் ஒரே அளவில் ஒட்டாது. கடையில் நின்றபடி இருந்த பொட்டலத்தில் மேலே உள்ளது சப்பென்றும் அடியில் உள்ளது உப்புக் கரிப்பாகவும் இருக்கும். அதனால் பிரிப்பதற்கு முன் பொட்டலத்தைத் தலைகீழாக ஐந்து நிமிடம் வைத்து, மெதுவாக இரண்டு முறை புரட்டிவிட வேண்டும். நடுவிலிருந்து எடுத்த முழுத் துண்டை முழுதாக வாயில் போட வேண்டும்.

வீட்டில் ஒழுங்காகச் சுவைத்துப் பார்ப்பது இப்படி. ஒரே மாதிரியான சின்னக் கிண்ணங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் மூன்று துண்டுகள் போடுங்கள். கிண்ணத்தில் பெயர் எழுதாமல் 417, 902, 635 என்பதுபோல் தாறுமாறான மூவிலக்க எண் எழுதுங்கள். 1, 2, 3 என்றோ அ, ஆ என்றோ எழுதினால் முதலாவதுக்கு ஒரு மரியாதை தானாக வந்துவிடும். ஒரு அமர்வில் ஐந்து சுவைக்கு மேல் வேண்டாம். அவற்றில் ஒன்று எல்லோருக்கும் பழகிய வெறும் உப்புச் சிப்ஸாகவோ, கச்சாங் பூத்தே என்ற கடலை வகையாகவோ இருக்கட்டும். காகிதக் கூம்பில் கச்சாங் பூத்தே விற்ற நம்மவர்கள் உப்பு, சர்க்கரை, மிளகாய் மூன்றை மட்டும் வைத்து இந்த ஊரையே சாப்பிட வைத்தார்கள். புதுச் சுவை அதற்கு முன் எங்கே நிற்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

மதிப்பெண் 1 முதல் 9 வரை. 5 என்றால் பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை. உணவு ஆய்வுக்கூடங்களில் பல காலமாகப் புழங்கும் அளவு இது. ஒவ்வொருவரும் தாளில் எழுதி மடித்து வைக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது, முகமும் காட்டக் கூடாது. முதலில் பேசுபவரின் கருத்து மற்றவர்களின் கருத்தாகிவிடும், அதிலும் வீட்டில் மூத்தவர் முதலில் பேசிவிட்டால் அன்றைய சுவைப்பு அதோடு முடிந்தது. முதல் துண்டுக்கு ஒரு மதிப்பெண், மூன்றாவது துண்டுக்கு ஒரு மதிப்பெண் என்று இரண்டும் கேளுங்கள். முதலாவது 8, மூன்றாவது 5 என்றால் அது வேடிக்கைக்காக ஒரு முறை வாங்கும் சுவை. 4இல் தொடங்கி 7க்கு ஏறினால் அதுதான் வீட்டில் தங்கப்போகும் சுவை. கடற்பாசி பலருக்கு இப்படித்தான் ஏறும். கடைசியாக ஒரு கேள்வி: "இந்தப் பொட்டலத்தை நீங்களே முடிப்பீர்களா?" மதிப்பெண்ணைவிட இந்தப் பதிலையே அதிகம் நம்பலாம்.

நடுநடுவே வாயைச் சுத்தம் செய்ய உப்பில்லாத பிஸ்கட்டும் சாதாரணத் தண்ணீரும் போதும். உப்பு முட்டை, சீஸ் மாதிரிக் கொழுப்புப் படியும் சுவைகளுக்கு மட்டும் வெதுவெதுப்பான சர்க்கரையில்லாத தேநீர் வேண்டும். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் கொழுப்பு நாக்கில் உறைந்து நிற்கும், அடுத்த மூன்று சுவையும் கெட்டுப்போகும். மென்மையானதில் தொடங்கிக் காரமானதில் முடியுங்கள், டுரியான் எல்லாவற்றுக்கும் கடைசி. அதில் உள்ள கந்தகச் சேர்மங்கள் அறையை விட்டுப் போக நேரமாகும்.

இந்த ஊரின் ஈரப்பதமும் விளையாடும். மொறுமொறுப்பான சிப்ஸில் இருக்கும் ஈரம் 2 விழுக்காடு அளவுதான். சிங்கப்பூர்க் காற்றில் திறந்து வைத்தால் அது விறுவிறுவென்று ஏறும், பிறகு சிப்ஸ் ரப்பராகும். சாப்பிடுபவர் அதைச் சுவையின் குறையாகவே சொல்வார். ஆக்ஸ்ஃபர்டில் சார்ல்ஸ் ஸ்பென்ஸ் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், கடிக்கும் சத்தத்தைக் காதில் கூட்டிக் காட்டியபோது அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாக, புதிதாக இருப்பதாக மக்கள் சொன்னார்கள். சத்தமே சுவையின் பாதி என்றால் நமத்துப்போன சிப்ஸை வைத்து நியாயம் வழங்க முடியாது. பிரித்த 15 நிமிடத்துக்குள் பகிர்ந்துவிடுங்கள், முடிந்தால் குளிர்சாதன அறையில் வைத்து. நமத்தது 120 டிகிரி அவனில் மூன்று நான்கு நிமிடத்தில் மீளும். ஆனால் முழுதாக ஆறிய பிறகே மொறுமொறுப்பு திரும்பும், சூட்டில் கடித்துப் பார்த்துவிட்டு "சரியாகவில்லை" என்று மறுபடி உள்ளே வைத்தால் கருகிவிடும்.

காரத்தில் வகை தெரியாமல் சுவைத்தால் வீண் பயம் வரும். வசாபி மூக்கில் சுர்ரென்று ஏறி, சில நொடியில் வந்த வழியே போய்விடும். மிளகாய்க் காரம் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. பல நிமிடம் நிற்கும், பால் குடித்தால் தணியும். மாலா என்ற சீனக் காரக் கலவை வேறு சாதி. அதில் உள்ள சிச்சுவான் மிளகு எரிப்பதைவிட அதிகமாக நாக்கையும் உதட்டையும் மரத்துப்போக வைத்து விறுவிறுக்கச் செய்யும். முதல் தடவை சாப்பிடும் பாட்டிமார்கள் ஒவ்வாமை என்றே நினைத்துவிடுவார்கள். சிறிது நேரத்தில் தணியும் விறுவிறுப்பு மாலாவின் இயல்பு. உதடு வீங்கினாலோ, தோலில் தடிப்பு எழுந்தாலோ, மூச்சு இழுத்தாலோ அது சுவை சம்பந்தப்பட்டதே இல்லை. தயங்காமல் 995ஐ அழைத்து ஆம்புலன்ஸை வரவழையுங்கள்.

காரப் பந்தயம் மட்டும் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் 2023 செப்டம்பரில் அப்படி ஒரு சவாலுக்காக அளவுமீறிக் காரமான சிப்ஸ் தின்ற பதின்ம வயதுப் பையன் ஒருவன் இறந்தான், அந்தச் சரக்கைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். விருந்தில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் உசுப்பிவிடும்போது பெரியவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

இனி பொட்டலத்தின் பின்பக்கம். நம் வீடுகளுக்கு இதுதான் மிக முக்கியம், இதைத்தான் பலரும் படிப்பதில்லை. புரட்டாசியில் சைவம் இருப்பவர்கள் "தக்காளி", "கறி", "சில்லி" என்ற பெயரைப் பார்த்தே எடுத்துவிடுகிறார்கள். கறிச் சுவையில் கோழித் தூள் இருக்கலாம். சம்பல், லக்சா என்று வந்தால் காய்ந்த இறாலோ, பெலாச்சான் என்ற இறால் விழுதோ இருக்க வாய்ப்பு மிக அதிகம். 627, 631, 635 என்ற எண்கள் சுவைகூட்டிகள். 631 மரவள்ளி மாவை நொதிக்க வைத்தும் எடுக்கப்படுகிறது, மீனிலிருந்தும் இறைச்சியிலிருந்தும் எடுக்கப்படுகிறது. எண்ணை மட்டும் வைத்து எது என்று சொல்ல முடியாது. இளஞ்சிவப்பு நிறப் பண்டங்களில் 120 என்று இருந்தால் அந்தச் சாயம் பூச்சியிலிருந்து வருவது. இந்தியாவிலிருந்து வரும் பொட்டலங்களில் பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம் இருக்கும், தேக்காவிலும் முஸ்தஃபாவிலும் வாங்கும்போது அது உதவும். கொரிய, ஜப்பானிய, தாய்லாந்துச் சரக்குகளில் அந்த அடையாளத்தை எதிர்பார்க்க முடியாது. அவற்றில் ஒட்டியிருக்கும் ஆங்கிலச் சீட்டைப் படித்தே ஆகவேண்டும். முஸ்லிம் நண்பர்களும் வருகிறார்கள் என்றால் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் ஹலால் முத்திரை இருப்பதை மட்டும் வாங்குங்கள்.

ஒவ்வாமைக்கு இங்கே சட்டமே துணையாக இருக்கிறது. கோதுமை முதலிய குளூட்டன் தானியங்கள், இறால் நண்டு வகை, முட்டை, மீன், நிலக்கடலையும் சோயாவும், பால், முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ உள்ள சல்ஃபைட் ஆகியவற்றைப் பொட்டலத்தில் குறிப்பிட்டாக வேண்டும். சேர்பொருள்கள் எடையில் அதிகமானதிலிருந்து குறைவானதற்கு இறங்கும் வரிசையில் இருக்கும். "சில்லி கிராப்" பொட்டலத்தில் நண்டைத் தேடினால் சர்க்கரைக்கும் தக்காளித் தூளுக்கும் கீழே எங்கோ கிடக்கலாம், இல்லாமலும் போகலாம். எவ்வளவு சிறிதாக இருந்தாலும் நண்டு ஒவ்வாதவருக்கு அது நண்டுதான்.

வீட்டு முறுக்கில் இந்தச் சுவைகளைக் கொண்டுவருவது பலரும் ஆசைப்பட்டுக் கெடுத்துக்கொள்ளும் காரியம். உப்பு முட்டையில் தொடங்கலாம், ஏனென்றால் அது நம் மூக்குக்கு அந்நியமே இல்லை. இந்த ஊரில் உப்பு முட்டைச் சிப்ஸ் என்றால் மஞ்சள் கருவும் வெண்ணெயும் மட்டும் போதாது, கருவேப்பிலை வேண்டும். சீனச் சமையலறையில் நம் கருவேப்பிலை போய் உட்கார்ந்து மணத்தைத் தூக்கிக்கொடுக்கும் அழகை எவ்வளவு சொன்னாலும் தகும். 300 கிராம் முறுக்குக்கு நான்கு வாத்து உப்பு முட்டையின் மஞ்சள் கரு. கரி பூசிய பச்சை உப்பு முட்டை என்றால் வெள்ளையைக் கழுவி நீக்கி, கருவை மட்டும் 10 நிமிடம் ஆவியில் வேகவைத்து, சூடாக மசித்துச் சல்லடையில் தேய்த்துக்கொள்ளுங்கள். 30 கிராம் கொழுப்பில் இரண்டு கொத்துக் கருவேப்பிலை, இரண்டு சில்லி பாடி (சின்னக் கார மிளகாய்) பொரித்து எடுத்து வைத்துவிட்டு, அதே கொழுப்பில் கருவைப் போட்டு மெல்லிய தீயில் கிளறினால் நுரைக்கும். நுரை அடங்கும்வரை கிளற வேண்டும். நுரை என்பது கருவில் உள்ள நீர் வெளியேறுவது. அது அடங்குமுன் முறுக்கைக் கொட்டினால் மறுநாள் முறுக்கு நமத்துவிடும்.

சமையல் குறிப்புகள் எல்லாம் வெண்ணெய் என்கின்றன. வெண்ணெயில் கிட்டத்தட்ட 16 விழுக்காடு நீர். நெய்யில் அது அனேகமாக இல்லை. முறுக்குக்கு நெய்யே சரி, இதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. மணம் மாறிவிடுமோ என்று யோசிப்பவர்கள் ஒன்பது பேரை வைத்துச் சோதிக்கலாம். ஒவ்வொருவருக்கும் மூன்று கிண்ணம், இரண்டில் ஒரே கொழுப்பில் செய்தது, ஒன்றில் மற்றதில் செய்தது. வேறாக இருப்பது எது என்று கேளுங்கள். ஒன்பதில் ஆறு பேராவது சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் உண்மையில் தெரிகிறது என்று கொள்ள வேண்டும். மூன்று நான்கு பேர் சொல்வது குருட்டாம்போக்கிலும் நடக்கும். கலந்தபின் பொரித்த கருவேப்பிலையையும் மிளகாயையும் சேர்த்து, 100 டிகிரி அவனில் 15 நிமிடம் உலர வைத்து ஆறவிட்டுப் பிறகே டின்னில் போடுங்கள். மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும், அதற்கு மேல் முட்டைக் கொழுப்பு காறும்.

லக்சா முறுக்குக்குத் தூள் முறை. மாவு பிசையும்போதே உப்பை வழக்கத்தில் பாதியாக்குங்கள், பெருங்காயமும் ஓமமும் வேண்டாம், அவை லக்சா இலையின் மணத்தை அடியோடு விழுங்கிவிடும். எள் இருக்கலாம். 500 கிராம் முறுக்குக்கு 35 கிராம் தூள் கணக்கு: வறுத்துப் பொடித்த காய்ந்த இறால் 12, தேங்காய்ப்பால் பொடி 8, மிளகாய்த்தூள் 4, உப்பு 4, சர்க்கரை 3, உலர்த்திய லக்சா இலைப் பொடி 2, மல்லித்தூள் 2. புளிப்புக்கு ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம். சைவத்துக்கு இறாலை விட்டுவிட்டு உலர்ந்த ஷீட்டாக்கே காளான் பொடி 6 கிராம் போடுங்கள், அதன் ருசி வேறு, ஆனால் ஆழம் இருக்கும். எல்லாவற்றையும் மாவு மாதிரி நைசாக அரைத்துச் சலிக்க வேண்டும். கொரகொரப்பாக விட்டால் முறுக்கில் ஒட்டாமல் டின்னின் அடியில் மணல் மாதிரி கிடக்கும். கலந்த அன்றே பயன்படுத்துங்கள், இந்த ஊர் ஈரத்தில் உப்பும் அமிலமும் சேர்ந்த தூள் மறுநாள் கட்டியாகிவிடும்.

தூவும் நேரம்தான் எல்லாம். எண்ணெயிலிருந்து எடுத்த கையோடு தூவினால் தேங்காய்ப்பால் பொடியும் சர்க்கரையும் சூட்டில் கருகிக் கசக்கும். ஐந்து நிமிடம் கழித்துத் தூவினால் மேற்பரப்பு எண்ணெய் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும், தூள் வழுக்கி விழும். ஒரு நிமிடம் வடியவிட்டு, மேலே எண்ணெய் மினுக்கும்போதே அகலமான பாத்திரத்தில் போட்டு, சல்லடை வழியாக மூன்று தடவையாகத் தூவிக் குலுக்க வேண்டும். முள்ளு முறுக்கு இதற்கென்றே பிறந்தது, அதன் வரிப்பள்ளங்களில் தூள் பிடித்து நிற்கும். வழவழப்பான ரிப்பன் பக்கோடாவில் பாதித் தூள் வீணாகும்.

பரிமாறும்போது இறால் போட்டது, முட்டை போட்டது, காளான் போட்டது என்று தனித்தனி டின், தனித்தனிக் கரண்டி. டின் மூடியின் உள்பக்கம் சேர்பொருள்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள். வெளிப்பக்கம் ஒட்டினால் பெயரைப் பார்த்த உடனே முகம் சுளிப்பவர்கள் சுவைக்க வரமாட்டார்கள். ஒவ்வாமையோ விரதமோ உள்ளவர்கள் எப்படியும் கேட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள் என்று இருந்துவிடாமல், கையில் கொடுப்பதற்கு முன் நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: "அக்கா, இதில் இறால் இருக்கிறது. உங்களுக்கு அந்தப் பச்சை மூடி டின்."